நூற்று அறுபத்திரண்டு கரண்டி

பத்மாதேவி முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கண்டியில் வெயில் கொளுத்துகிற சித்திரை மாதத்திலும் அதுதான். அலுவலகத்துக்குப் புதிதாக மாறி வருகிறவர்கள் முதலில் அவளை ஏதோ ஒரு சபைக்குப் போகிற வேதக்காரி என்று நினைப்பார்கள். நெற்றியில் திருநீற்றைக் கண்டதும் குழம்பிப் போவார்கள். காரணம் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இடது மணிக்கட்டில் தொடங்கி, முழங்கையைச் சுற்றித் தோளில் ஏறி, காதுக்கு இரண்டு விரற்கடை கீழே கழுத்தில் முடியும் ஒரு தழும்பு. அது வந்த நாள் 1983 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. கண்டியில் திருகோணமலை வீதிக்குப் பின்னால் ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, தாயில்லாத தங்கை கமலாசனியைத் தன்னோடு வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பதினொரு வயது. கலவரக்காரர் கீழே கடைக்கு நெருப்பு வைத்தபோது பத்மாதேவி தெருவில் நின்றாள், தங்கை மேலே நின்றாள். மரப்படியில் ஏறிப் போய், நனைத்த சேலையால் பிள்ளையைச் சுற்றி வலது பக்கம் அணைத்துக்கொண்டு இறங்கினாள். நெருப்பு இடது பக்கம் இருந்தது. கமலாசனிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தகப்பன் வந்து, அகதி முகாமாக மாறியிருந்த பாடசாலையிலிருந்து சின்னவளை யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்குக் கூட்டிப் போனார். பத்மாதேவி ஆஸ்பத்திரியில் எழுபத்தொரு நாள் கிடந்து, எழும்பி, திரும்பவும் வேலைக்குப் போனாள். கேட்டு வந்த இரண்டு சம்பந்தங்கள் கழுத்தைப் பார்த்ததும் கதை மாறித் திரும்பிப் போயின. மூன்றாவது ஒன்று வர அவள் விடவில்லை. கமலாசனி படித்துக் கணித ஆசிரியையாகி, கிளிநொச்சியில் வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டாள். கண்டிக்கு அவள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

சமாதானம் என்று பாதை திறந்திருந்த 2003இல் பத்மாதேவி கிளிநொச்சிக்குப் போய் ஒன்பது நாள் நின்றாள். ஒன்பது நாளும் தங்கை அவளுடைய வலது பக்கத்திலேயே இருந்தாள், வலது பக்கத்திலேயே நடந்தாள். புறப்படுகிற காலையில் பஸ்ஸடியில் வைத்துத்தான் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கை இன்னும் நோகுதே?"

"இல்லையடி. குளிருக்குத் தோல் கொஞ்சம் வெடிக்கும். வேறை ஒண்டும் இல்லை."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. கமலாசனி பஸ் யன்னலைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு வயது ஆசிரியை, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். அடுத்த முறை தங்கை தன்னைப் பார்க்கும்போது இந்தக் கை வெடிப்பில்லாமல் இருக்கவேண்டும் என்று பத்மாதேவி அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை என்பது இலேசில் வரவில்லை. 2008 ஜனவரி 16ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு மறுநாள், போர்நிறுத்த உடன்படிக்கை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. பத்மாதேவி பெட்டியை நிறுத்திவிட்டுக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். கமலாசனி உயிரோடு தன் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிற நாள்வரை மச்சம் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்தாள். மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான் மச்சம். மற்றவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை தவிர மீன் இல்லாமல் ஒருநாளும் சோறு இறங்காத பெண்ணுக்கு அது பெரிய காரியம். கருவாட்டுச் சட்டியைக்கூடக் கழுவி அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த நேர்த்தியைப் பற்றி ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். அது றீற்றா.

றீற்றா அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த மேசை. நான்கு வயது மூத்தவள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண், கண்டியில் ஒரு சிங்களவரைக் கட்டி அம்பிட்டியவில் குடியிருந்தாள். 1989 ஏப்ரலில் மாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இருவரும் ஒரே தேநீர்க் குவளைக்குப் பழகிப்போனார்கள். 1998 ஜனவரி 25, ஞாயிறு காலை, தலதா மாளிகையில் குண்டு வெடித்து ஊரே தமிழரைத் தேடுகிற மாதிரி இருந்தபோது, றீற்றா புருஷனோடு வான் வண்டியில் வந்து, "சேலையை மாத்திக்கொண்டு வாரும், கேள்வி ஒண்டும் கேளாதேயும்" என்று சொல்லிப் பத்மாதேவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நாள் வைத்திருந்தாள். 2006 டிசம்பரில் தமிழருக்கு வந்த பொலிஸ் பதிவுக்கும் கூடவே போய் மர வாங்கில் இரண்டரை மணித்தியாலம் இருந்தாள். குளிர்காலத்தில், பத்மாதேவியின் பொறுப்பில் இருந்த கோப்புப் பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தழும்புக்கு எண்ணெய் பூசிவிட்டவளும் அவள்தான். அலுவலகத்தில் வேறு யாரும் அந்தக் கையை முழுதாகப் பார்த்ததில்லை.

2008 தொடக்கத்தில் றீற்றா ஒரு கொம்பனியில் சேர்ந்தாள். பொருளைக் கடையில் வைத்து விற்காமல், ஆளுக்கு ஆள் சொல்லிச் சேர்க்கிற வகைக் கொம்பனி. பொருள் ஒரு வெள்ளை மா. பெயர் கொலாஜன். தோலுக்கு நல்லது, சுருக்கம் போகும், வெடிப்பு ஆறும் என்று அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பத்மாதேவியின் மேசைக்கு வந்தது மே 30, வெள்ளிக்கிழமை.

"உமக்கெண்டே செய்த சாமான் இது. ஒரு கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணியிலை கலந்து காலமை குடிக்கவேணும். தங்கச்சி வரேக்கை கையைப் பாத்து அவளே அதிசயப்படுவாள்."

பத்மாதேவி பேணியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் ஏதோ கிழக்கு நாட்டு எழுத்து. பச்சை இலை போட்ட ஒரு படம். வேறு ஒன்றும் விளங்கவில்லை.

"இதிலை மச்சம் ஒண்டும் இல்லையே, அக்கா?"

"சீச்சீ. கடல்பாசி."

"வடிவாத் தெரியுமே? என்ரை நேர்த்தி உங்களுக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியாமலே? மச்சம் இல்லை எண்டுறன். பிறகும் என்ன விசாரணை? பதிவறையிலை இருந்திருந்து உமக்கு எல்லாத்துக்கும் ஒரு கடிதம் வேணும்."

பத்மாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கட்கிழமை, முதல் கரண்டி. சாமி கும்பிட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, வெறும் வயிற்றில் குடித்தாள். ருசி என்று ஒன்றும் இல்லை. அடியில் மட்டும் ஏதோ ஈரச் சாக்கு மாதிரி ஒரு மணம். கடல் மணம் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒருநாளும் தவறவிடவில்லை. ஒரு பேணியில் முப்பது கரண்டி. அது முடிகிற நாளில் றீற்றா அடுத்ததைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள்.

ஜூலை 7ஆம் திகதி றீற்றா அலுவலகத்துக்கு ஒரு சட்டைஊசியோடு வந்தாள். நடுவில் பச்சைக்கல் வைத்தது. ஜூன் முப்பதுக்குள் பன்னிரண்டு பேரைச் சேர்த்ததற்குக் கொம்பனி கூட்டம் வைத்துக் கொடுத்ததாம். சேலைத் தலைப்பில் குத்தத் தெரியாமல் நின்றாள். பத்மாதேவிதான் எழும்பிப் போய், மடிப்பைப் பிடித்து, கோணாமல் குத்திவிட்டுக் கைதட்டினாள்.

தோல் நன்றாகத்தான் வந்தது. உள்ளதை மறைக்கக்கூடாது. ஆகஸ்ட் முடிவில் முழங்கை மடிப்பில் வெடிப்பு மூடியிருந்தது. கழுத்தில் இழுப்பு குறைந்திருந்தது. மாவினாலா, அதே நேரத்தில் தொடங்கிய நல்லெண்ணெய்ப் பூச்சினாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பத்மாதேவி மாவினால் என்றுதான் நம்பினாள். கண்ணாடிக்கு முன் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்துக்கொள்கிற பழக்கம் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவளுக்கு வந்தது.

கமலாசனியின் கடைசிக் கடிதம் செப்டெம்பர் 3ஆம் திகதியிடப்பட்டிருந்தது. 'பள்ளிக்கூடத்தை மரத்தடிக்கு மாற்றிவிட்டோம். பதுங்குகுழிக்குள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பத்மாதேவி பாலும் தண்ணீரும் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. கடல்பாசிதானே என்று காலையில் அந்தக் கரண்டியை மட்டும் நிறுத்தவில்லை. தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் ஆறு நாளும் கோயிலுக்குப் போனாள்.

நவம்பர் 10, திங்கட்கிழமை. காலை பத்தேகால் மணிக்குக் கைரியா பதிவறைக்கு வந்தாள்.

கைரியா தட்டச்சுப் பிரிவில் வேலை. மடவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது. பிரதி எடுக்கிற இயந்திரம் பதிவறையில், பூட்டுத் திறப்புப் பத்மாதேவியிடம்.

"பத்மா மிஸ், இதுல ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்களேன். தெல்தெனியில எங்கட மதினி ஒருத்தி ஈக்கிறா. அவவும் குடிக்கப்போறாவாம். கடிதம் இல்லாம அவட மாப்பிள்ளை விடமாட்டாராம்."

"என்ன கடிதம்?"

"றீற்றா மிஸ்ட மா ஈக்கிதானே, அதுக்கு. எங்கட மாப்பிள்ளை மக்கீனும் இப்பிடித்தான். பண்டியா மாடா எண்டு தெரியாம ஊட்டுக்குள்ள எடுக்க ஏலாது எண்டு ஒரே புடியா நிண்டாரு. பொறகு றீற்றா மிஸ் கொழும்புக்கு எழுதிப் போட்டு எடுத்துத் தந்தா."

இயந்திரத்துக்குப் போகிற எந்தத் தாளையும் வாசிக்காமல் வைக்கிற பழக்கம் பத்மாதேவிக்கு இல்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். நின்ற நிலையில் வாசித்தாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இந்தப் பொருள் முற்றிலும் மாட்டின் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது, மாடுகள் ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டவை, பன்றியின் கலப்பு எதுவும் கிடையாது. கொம்பனியின் முத்திரை.

"இது வேறை சாமானாக்கும்," என்றாள். "நான் குடிக்கிறது கடல்பாசி."

கைரியா சிரித்துவிட்டாள். "கடல்பாசியா? அது நோன்புக்கு நாங்க காய்ச்சித் துண்டு வெட்டுறது, மிஸ். இது தோலுக்குத் தோல். ஒரே பேணிதானே உங்களுக்கும் எனக்கும் ஒண்டா வந்த?" சொல்லி முடிக்கும்போதே பத்மாதேவியின் முகத்தைக் கண்டு சிரிப்பை விழுங்கினாள். "ஏன் மிஸ்? உங்களுக்கு ஆகாதா?"

 பத்மாதேவி தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றீற்றா முப்பது வருடம் அரசாங்க எழுதுவினைஞர். அவளுடைய மேசையைத் தாண்டி ஒரு பிரதி வெளியே போவதென்றால், அது சம்பளப் பத்திரமானாலும் சரி, கோயில் திருவிழா நோட்டீஸானாலும் சரி, இடது மூலையில் 'உண்மைப் பிரதி' என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்து, திகதியும் போடாமல் கை விடாது. கைரியாவுக்குக் கொடுத்த இந்தத் தாளிலும் அந்தக் கை தன் பழக்கப்படியே வேலை செய்திருந்தது. உண்மைப் பிரதி. கோழிக்கால் மாதிரி அந்த 'றீ'. 2008.05.14.

மே பதினான்கு. மச்சம் இருக்கிறதா என்று பத்மாதேவி கேட்டது மே முப்பது. பதினாறு நாள் இடைவெளி.

திகதி இல்லாமல் இருந்திருந்தால் மன்னிக்க ஒரு வழி கிடைத்திருக்கும். அவளுக்கும் தெரியாது, கொம்பனி அவளையும் ஏமாற்றிவிட்டது, பிறகுதான் அறிந்தாள், சொல்லப் பயந்தாள் என்றெல்லாம் பத்மாதேவியே அவளுக்காகச் சாட்டுத் தேடியிருப்பாள். அந்தச் சின்ன எண்கள் ஒரு கதவையும் திறந்து விடவில்லை.

இரண்டு பிரதி எடுத்துக் கைரியாவிடம் கொடுத்தாள். மூன்றாவதாக ஒன்று தனக்கு எடுத்துக்கொண்டாள். பிறகு முகம் கழுவுகிற இடத்துக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். காலையில் ஆறு மணிக்குக் குடித்தது பத்தரைக்கு வருமா? வெறும் பித்தம்தான் வந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் தாளை றீற்றாவின் மேசையில் வைத்தாள்.

றீற்றா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"ஆர் தந்தது?"

"ஆர் தந்தா என்ன, அக்கா? கையெழுத்து உங்கடைதானே?"

"இருந்து கதையும், பத்மா."

"நான் மச்சம் இருக்கோ எண்டு கேட்டனான். ரெண்டு தரம் கேட்டனான்."

"கேட்டனீர்தான். மாடு எண்டு சொன்னா நீர் தொட்டிருப்பீரே? கழுத்து வெடிச்சு ரத்தம் கசிஞ்சு சட்டைக் கொலர் ஊறினதைத் துடைச்சது ஆர்? நான். எனக்குப் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. மருந்துக்கு விலக்கு இருக்குது. எங்கடை சுவாமியாரும் அப்பிடித்தான் சொல்லுவார்."

"விலக்கோ இல்லையோ எண்டு நானெல்லோ சொல்லவேணும்? நேர்த்தி வைச்சது நான்."

"சரி, பிழைதான். ஒரு மாவுக்குப் போய்..."

"நான் எத்தினையாவது ஆள், அக்கா?"

றீற்றாவுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"பன்னிரண்டு பேர் சேத்தனீங்களே. அதிலை நான் எத்தினையாவது?"

றீற்றாவின் கை தன்னையறியாமல் சேலைத் தலைப்புக்குப் போயிற்று. பச்சைக்கல் ஊசி அங்கேதான் இருந்தது.   ஜூன் முப்பதுக்குள் அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்த ஆள் தான்தான் என்பது பத்மாதேவிக்குத் தெரியும்.

"கந்தசஷ்டி ஆறு நாளும் குடிச்சனான்," என்றாள். "வேறை ஒண்டும் சாப்பிடாமல் அதை மட்டும் குடிச்சனான். நீங்கள் பக்கத்திலைதான் இருந்தனீங்கள். 'களைச்சுப் போனீர், இண்டைக்கும் மாவைக் குடிச்சனீரே?' எண்டு கேட்டனீங்கள்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் றீற்றாவோடு பேசவில்லை. கோப்புகளைக் கைரியா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மேசைக்கும் நடுவில் இரண்டரை அடி இடைவெளி. பத்தொன்பது வருடம் பேசிய இடம்.

ஐந்து பேணி முழுவதும், ஆறாவதில் பன்னிரண்டு கரண்டியும் முடிந்திருந்தன. மொத்தம் நூற்று அறுபத்திரண்டு நாள். பத்மாதேவி அதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தாள்.

அடுத்த ஏழு மாதத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை விவரிப்பது கஷ்டம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். அலுவலகத்தில் பாற்சோறு பரிமாறினார்கள். பத்மாதேவி தனக்குக் கொடுத்த துண்டை வாழையிலையோடு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, பழைய கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். மாசியில், பங்குனியில், சித்திரையில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் அவளிடம் ஒரே கணக்குத்தான் இருந்தது. ஆண்டவனுக்குக் கொடுத்த வாக்கு உடைந்திருக்கிறது. உடைத்தது தன் வாய். குளிருக்குக் கழுத்து திரும்பவும் வெடித்தது. அதற்கு எண்ணெய்கூடப் பூசவில்லை. சட்டைக் கொலரில் இரத்தம் பட்டபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

றீற்றா ஒருநாள் மேசையில் ஒரு தைலக் குப்பியை வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே தூசு பிடித்து நின்றது.

ஜூன் 6, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு அயல்வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. செட்டிகுளம் முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி. "அக்கா," என்றது குரல். "நான் இருக்கிறன். சத்தம் போட்டுக் கதையுங்கோ, இடது காது கேக்காது."

பத்மாதேவிக்குச் சத்தம் வரவில்லை. அயல்வீட்டுப் பெண்தான் வாங்கிக் கத்தினாள்.

திங்கட்கிழமை செய்தி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. கைரியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். றீற்றாவும் எழும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது, பொய்க் கண்ணீர் இல்லை. பத்மாதேவியின் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"பாத்தீரே? நான் சொன்னனான். உம்மடை பிள்ளையார் ஒரு மாட்டுத்தோலுக்கெல்லாம் கோவிக்கிற ஆள் இல்லை."

நாலைந்து பேர் விளங்காமல் சிரித்தார்கள். பத்மாதேவி தோளை மெல்ல விலக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளையார் கோபிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பிள்ளையாருடைய பெருந்தன்மையை எடுத்து றீற்றா தன் கணக்கில் வைத்துக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கமலாசனி முகாமிலிருந்து விடப்பட்டுக் கண்டிக்கு வந்து சேர்ந்தது செப்டெம்பர் 14, திங்கட்கிழமை. முப்பத்தேழு வயதுக்கு ஐம்பது போல இருந்தாள். வாசலில் அக்காவின் இடது பக்கத்தில் வந்து நின்றாள். கேட்கிற காது வலது காது, அதனால் இனி அந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். சட்டைக் கையைத் தானே மடித்துத் தழும்பைப் பார்த்தாள். வெடிப்பு இருந்தது. அவள் அழவில்லை. அழுகிற காலத்தைத் தாண்டி வந்திருந்தாள். "எண்ணெய் எங்கை வைச்சிருக்கிறீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மீன்குழம்பு கேட்டாள். பத்மாதேவி சந்தைக்குப் போய்ப் பாரைமீன் வாங்கி, இருபது மாதத்துக்குப் பிறகு மீன்சட்டி வைத்தாள்.

"உப்புக் கூடிப்போச்சு, அக்கா."

"ருசி பாக்கேல்லை."

"ஏன்?"

"நேர்த்தி."

"நான்தான் வந்திட்டனே. வாசலிலை ஏறி உள்ளுக்கும் வந்திட்டன்."

"இன்னும் நூற்று அறுபத்திரண்டு நாள் பாக்கி இருக்கு."

"அதென்ன கணக்கு, இடையிலை ஒரு பாக்கி?"

பத்மாதேவி சொல்லவில்லை. ஏற்கெனவே இந்தத் தோலுக்கு ஒருமுறை குற்றவாளியாக நின்றவள் தங்கை. இன்னொரு முறை நிற்பாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. செப்டெம்பர் 15 முதல் நாள் என்று பஞ்சாங்கத்தில் குறித்துக்கொண்டாள். 2010 பெப்ரவரி 23ஆம் திகதியோடு முடியும்.

அதற்கு முன்னால் பெப்ரவரி 12 வந்தது. வெள்ளிக்கிழமை. றீற்றாவின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள், அவள் இளைப்பாறுகிற நாள்.

அந்த அலுவலகத்தில் பிரியாவிடைக்கு ஒரு வழமை இருந்தது. இளைப்பாறுகிறவருக்கு நெடுநாள் பக்கத்து மேசையாக இருந்தவர்தான் எழும்பிப் பேசவேண்டும். பணிப்பாளர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பத்மாதேவி ஒரு தாளோடு எழும்பினாள். 1989 ஏப்ரலில் றீற்றா வந்து சேர்ந்ததைச் சொன்னாள். 1998 ஜனவரியில் வான் வந்ததையும் நான்கு நாளையும் சொன்னாள். பொலிஸ் வாங்கில் கூட இருந்த இரண்டரை மணித்தியாலத்தைச் சொன்னாள். தன் கைக்கு எண்ணெய் பூசியதைக்கூட மறைக்காமல் சொன்னாள். ஒன்றிலும் மிகையில்லை, குறையும் இல்லை. றீற்றா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 2008 பங்குனியில் தனக்குக் காய்ச்சல் வந்தபோது றீற்றா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்ததோடு பத்மாதேவி தாளை மடித்தாள். வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. கைரியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பிறகு தேநீர். தட்டில் பொரித்த மீன் ரோல்ஸ், கேக், வாழைப்பழம். றீற்றா தன் கையாலேயே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைக்கல் ஊசி இல்லை. சேலையில் அது குத்தியிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"பேச்சுக்கு நன்றி, பத்மா."

"உள்ளதைத்தான் சொன்னனான்."

"தங்கச்சி சுகமே?"

"சுகம்."

"இனியாவது ஏதும் சாப்பிடும். அவள்தான் வந்திட்டாளே."

"பதினொரு நாள் இருக்கு."

றீற்றா தட்டைப் பார்த்தாள். ஒரு ரோல்ஸைத் தனியாக ஓரத்தில் வைத்திருந்தாள். அதைத் தள்ளினாள். "தெரியும், அதுதான் உமக்கெண்டு வேறையாச் செய்விச்சனான். இது மரக்கறி. மச்சம் இல்லை."

மச்சம் இல்லை. அதே வாய், அதே குரல், அதே சாதாரணம். மே முப்பதாம் திகதியும் இப்படித்தான் இருந்தது. இந்த முறை அது உண்மையாக இருக்கலாம். உண்மையாகத்தான் இருக்கும். பத்மாதேவி கையை நீட்டவும் பார்த்தாள். கை போகவில்லை.

அவள் திரும்பி, மூன்றாவது கதிரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டாள்.

"கைரியா, ஒருக்கா இதைப் பாத்துச் சொல்லும். மரக்கறியே?"

கைரியா ஒரு முறை இவளையும் ஒரு முறை அவளையும் பார்த்தாள். எழும்பி வந்து ரோல்ஸை நடுவில் பிய்த்தாள். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட். மணந்து பார்த்தாள். ஒரு துளி எடுத்து வாயில் போட்டாள்.

"மரக்கறிதான், மிஸ்."

பத்மாதேவி இரண்டு பாதியையும் வாங்கி, நின்றபடியே மெல்லச் சாப்பிட்டாள். நல்ல ருசியாக இருந்தது. றீற்றா தட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் கடைசிவரை மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.